காதலுக்குள் பேய் எதற்கு? நான்கு வரைகதைகளை அருகருகே வைத்து ஓர் அலசல்

கடை வாசலில் இரண்டு பையன்கள் குச்சி ஐஸ் தின்றபடி உட்கார்ந்திருக்கிறார்கள். கோடை வெயில். சிள்வண்டுகள் காது கிழியக் கத்துகின்றன. பேச்சோடு பேச்சாக ஒருவன் மற்றவனிடம், நீ அவன் இல்லைதானே என்று கேட்டுவிடுகிறான். கேட்கப்பட்டவனின் முகம் ஒரு பக்கமாக உடைந்து வழிகிறது. உள்ளே இருப்பது என்னவென்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த ஏதோ ஒன்று கேட்டவனைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறது. கேட்டவன் எழுந்து ஓடவில்லை.

மொகுமொகுரென் எழுதி வரையும் 'ஹிகாரு இறந்த கோடை' என்ற மங்கா, அதாவது ஜப்பானிய வரைகதை, இப்படித்தான் தொடங்குகிறது. 2021இல் தொடராக ஆரம்பித்தது, 2025இல் அனிமேவாகவும், அதாவது அசைபடத் தொடராகவும், வந்தது. இதை முதல்முறை படித்தபோது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தன்பாலீர்ப்புக் காதலைச் சொல்லும் கிராஃபிக் நாவல்களில் ஏன் இத்தனை பேய்கள், ஓநாய்கள், சூனியக்காரிகள், கடல்வாசிகள்? அவர்களுக்கெல்லாம் அந்தக் காதலுக்குள் என்ன வேலை?

அந்தக் கேள்வியோடு இன்னும் மூன்று புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். மோலி நாக்ஸ் ஓஸ்டர்டாக்கின் 'தி கேர்ள் ஃப்ரம் தி சீ' (2021), சூசன் வாக்கர் எழுதி வெண்டி ஷூ வரைந்த 'மூன்கேக்ஸ்' (2019), கீஸி யங்கின் 'டேப்ரூட்' (2017). இந்த வகையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த நான்கின் பெயர்களையும் சொல்வதுண்டு. ஆனால் நான்கும் ஒரே சாமான் அல்ல. அமானுஷ்யத்தை உருவி எடுத்துவிட்டால் அந்தக் காதல் நிற்குமா, விழுமா? நான் அளந்து பார்த்தது இந்த ஒரு கோலால்தான்.

கோல் ஏன் இதுவென்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் 1954இல் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். காமிக்ஸ் கோட் என்பது அதன் பெயர். ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதுவும் வரக்கூடாது என்று அது சொன்னது. பாலியல் விகாரம் என்று அன்றைக்கு எதையெல்லாம் முத்திரை குத்தினார்களோ, அதன் சாயல்கூடக் கூடாது என்றும் சொன்னது. தன்பாலீர்ப்பு அந்த முத்திரைக்குள்தான் இருந்தது. ஆக, பேயும் இந்தக் காதலர்களும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் வெளியேற்றப்பட்டவர்கள். 1971இல் விதியைத் தளர்த்தி ரத்தக்காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் உள்ளே விட்டார்கள். காதலர்களுக்குக் கதவு திறந்தது 1989 திருத்தத்தில்தான். ரத்தம் குடிப்பவனை மன்னித்ததற்கும் இவர்களை மன்னித்ததற்கும் நடுவே 18 ஆண்டுகள். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

வெளிப்படையாகச் சொல்ல முடியாதபோது காதல் பேய் வேஷம் போட்டுக்கொண்டது. இது காமிக்ஸுக்கு முன்பே உள்ள வழக்கம். லெ ஃபானு என்ற ஐரிஷ் எழுத்தாளரின் 'கார்மில்லா' 1872வாக்கில் வந்தது, டிராகுலாவுக்கு 25 ஆண்டுகள் முன்பு. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் காதல் பேசுகிறாள். ரத்தக்காட்டேரி என்பதால் பேச முடிந்தது, ரத்தக்காட்டேரி என்பதாலேயே கடைசியில் நெஞ்சில் முளை அறையப்பட்டுச் சாகவும் வேண்டியிருந்தது. நூறு ஆண்டு கழித்து 1972இல் ஜப்பானில் மோட்டோ ஹாகியோ 'போ குலம்' தொடரைத் தொடங்கினார். ரத்தக்காட்டேரிகளாகிப் பதினான்கு வயதிலேயே நின்றுபோன இரண்டு பையன்கள் நூற்றாண்டுகளைக் கடந்து சேர்ந்தே அலைகிறார்கள். காதல் என்ற சொல்லை உரக்கச் சொல்லாமலே அவர்கள் ஒருவரையொருவர் விடாமல் பிடித்திருப்பதை அந்தப் பக்கங்கள் வரைந்து காட்டின.

இன்றைக்கு உரக்கச் சொல்லலாம். ஒளிந்துகொள்ளப் பேய் வேண்டியதில்லை. அப்படியானால் பேய்க்கு வேறு வேலை கொடுத்தாக வேண்டும். நான்கு புத்தகங்களும் பிரியும் இடம் இதுதான்.

கடலையும் காட்டையும், அதாவது 'தி கேர்ள் ஃப்ரம் தி சீ', 'மூன்கேக்ஸ்' இரண்டையும், முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

'தி கேர்ள் ஃப்ரம் தி சீ'யில் மார்கன் க்வோனுக்கு வயது 15. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிறு தீவு. அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள், தம்பிக்கு எதற்கெடுத்தாலும் கோபம். பள்ளியை முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது, பிறகு எங்காவது பெரிய ஊருக்குப் போய் அங்கே தானாக இருந்துகொள்வது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். ஓர் இரவு பாறையில் வழுக்கிக் கடலில் விழுகிறாள். கெல்டி என்ற பெண் காப்பாற்றுகிறாள். கனவு என்று நினைத்து மார்கன் அவளை முத்தமிட்டுவிடுகிறாள். மறுநாள் கெல்டி கால் முளைத்துக் கரையேறி வந்து நிற்கிறாள்.

கெல்டி ஒரு செல்கி. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்துக் கதைகளில் கடல்நாய்த் தோலைக் கழற்றிவிட்டு மனித உருவில் கரையேறுபவர்கள் செல்கிகள். அந்தப் பழங்கதைகளில் பெரும்பாலும் ஓர் ஆண் அந்தத் தோலைத் திருடி ஒளித்துவைத்து, அவளைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொள்வான். தோல் கிடைத்த நாளில் அவள் கடலுக்கே திரும்பிவிடுவாள். ஓஸ்டர்டாக் இதைத் தலைகீழாக்கியிருக்கிறார். இங்கே கெல்டி தன் விருப்பத்தில் வருகிறாள், தன் வாயால் கேட்கிறாள், கூச்சமே இல்லாமல் காதலிக்கிறாள். கடலிலிருந்து வந்தவளிடம் மறைக்க ஒன்றுமில்லை, கரையில் பிறந்தவள்தான் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருக்கிறாள். இந்தப் புத்தகத்தின் உயிர் அங்கே இருக்கிறது.

பக்க அமைப்பிலும் அதைப் பார்க்கலாம். மார்கனின் தோழிகள் குழுவில் அனுப்பிக்கொள்ளும் மெசேஜ்கள் இடையிடையே வருகின்றன. அரட்டை ஓடிக்கொண்டே இருக்கும், மார்கனின் பதில் மட்டும் சுருங்கிச் சுருங்கிப் போகும். ஒரு வரியில் முடித்துக்கொள்கிற அந்தப் பதில்களைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ரகசியம் வைத்திருக்கும் ஒரு பெண் நட்பிலிருந்து எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகிறாள் என்பதை எந்த வசனமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

'மூன்கேக்ஸ்' வேறு உலகம். நோவா ஹுவாங் ஓர் இளம் சூனியக்காரி. இரண்டு பாட்டிகள், இருவரும் தம்பதிகள், அவர்கள் நடத்தும் புத்தகக் கடையில் வேலை செய்கிறாள். காட்டில் வெள்ளை ஓநாய் திரிகிறது என்று கேள்விப்பட்டுப் போனால், சிறுவயதில் அவள் மனதில் இடம் பிடித்த டாம் லாங் அங்கே ஒரு குதிரைப் பிசாசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். டாம் ஓநாயாக உருமாறுபவர். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்.

இங்கே தமிழில் எழுதுபவருக்கு ஒரு விஷயம் இடறும். ஆங்கில மூலத்தில் டாமுக்கு 'they' என்ற பன்மைச் சுட்டு. நம்மிடம் 'அவர்' இருக்கிறது, பால் காட்டாது, இலக்கணம் உறுத்தாது. ஆனால் சின்ன வயதிலிருந்து தெரிந்தவரை, காதலிப்பவரை 'அவர்' என்னும்போது நடுவே ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேருக்கு நேர் பேசும் இடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 'நீ வந்தாய்' என்பதற்குத் தமிழில் பால் கிடையாது. வரைகதையில் விவரிப்பைவிட உரையாடல்தான் அதிகம் என்பதால், இதைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவருக்குப் பாதி வேலையை மொழியே முடித்துக் கொடுத்துவிடும்.

'மூன்கேக்ஸ்' புத்தகத்தில் யாரும் யாரிடமும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டம் இல்லை. பாட்டிகள் டாமைச் சோறு போட்டு உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நோவா காதில் கேட்புக்கருவி அணிகிறாள். வீடு நிறைய மந்திரம் இருந்தும் அவள் காதை 'சரிசெய்ய' யாரும் முனைவதில்லை. சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். இந்த ஆதரவான சூழலுக்காகவே பலர் இதை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள், அது நியாயம்தான். 2020இல், அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதின் கிராஃபிக் கதைப் பிரிவில் இறுதிப்பட்டியல்வரை போனது.

ஆனால் என் கோலை நீட்டினால் இது தடுமாறுகிறது. டாமின் ஓநாய்ச் சக்தியை அபகரிக்கத் துரத்துபவர்கள், குதிரைப் பிசாசு, கடைசி மோதல் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. காதலுக்குள் நுழைந்து அதை எதுவும் கேட்பதில்லை. நோவாவும் டாமும் முதல் இருபது பக்கத்தில் எப்படி இருந்தார்களோ கிட்டத்தட்ட அப்படியே கடைசியிலும் இருக்கிறார்கள். ஓநாயை எடுத்துவிட்டுச் சாதாரணமாக வீட்டை விட்டு வந்த ஒருவரை வைத்தாலும் இந்தக் காதல் அசையாமல் நிற்கும். கெல்டியைச் சாதாரணப் பெண்ணாக்கினால் கடல் கதை அப்படியே சரிந்துவிடும், ஏனென்றால் அவள் கரையில் தங்க முடியாதவள் என்ற உண்மைதான் மார்கனின் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற கணக்கை உடைக்கிறது. இரண்டில் எது நல்ல புத்தகம் என்றால், தயங்காமல் கடல்தான். எது மனம் நொந்த நாளில் கையில் இருக்க வேண்டியது என்றால், காடு.

'டேப்ரூட்' இந்த இரண்டுக்கும் நடுவில். தலைப்புக்கு ஆணிவேர் என்று பொருள். ஹமால் தோட்டக்காரன், பேய்கள் அவன் கண்ணுக்குத் தெரியும். ப்ளூ அவனுடைய நெருங்கிய நண்பன், இறந்துபோனவன், இன்னமும் ஹமாலைக் காதலிப்பவன். பேயைப் பார்க்கும் அந்தத் திறனே ஹமாலுக்கு ஆபத்தாக வருகிறது. அவனைக் காப்பாற்ற ப்ளூ அவனை விட்டுப் போக வேண்டியிருக்கலாம். பேயை எடுத்தால் கதையே இல்லை, அந்த வகையில் என் கோலுக்கு முழு மதிப்பெண். ஆனால் சுருக்கமான புத்தகம். ஆபத்து நெருங்கும் வேகத்தில் காதல் மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. பச்சையும் இலையுமாக யங் வரைந்திருக்கும் தோட்டப் பக்கங்களில் இன்னும் பத்துப் பக்கம் சும்மா உட்கார்ந்திருக்க விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவனும், இனி எதையும் வளர்க்க முடியாத ஒருவனும் அருகருகே நிற்கும் படங்களே அந்தக் காதலை முழுதாகச் சொல்லிவிடுகின்றன.

இனி மலைக்கு வருகிறேன். 'ஹிகாரு இறந்த கோடை'யை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைப்பதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அது திகில் கதை, காதல் கதை அல்ல என்பார்கள். யோஷிகியின் நண்பன் ஹிகாரு மலையில் இறந்துவிட்டான். திரும்பி வந்தது அவன் உடலும் நினைவுகளும் கொண்ட வேறொன்று. அது தெரிந்தும் யோஷிகி அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறான். இதைக் காதல் என்று சொல்லாவிட்டால் வேறு என்ன பெயர் சொல்வது?

ஹிகாரு இருந்தபோது யோஷிகி சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. இப்போது அதைக் கேட்க ஹிகாரு இல்லை, கேட்கும் முகத்தோடு ஒன்று மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கிறது. சின்ன மலைக்கிராமம், எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடம், வாய் திறந்தால் ஊர் பேசும். அந்த அடக்கம்தான் உண்மையான திகில். மொகுமொகுரென் அதை ஒலியால் வரைகிறார். சிள்வண்டுச் சத்தம் கட்டத்தின் ஓரத்தில் சிறு எழுத்தாக நிற்பதில்லை, பாத்திரங்களின் மேல் படர்ந்து, பேச்சுக்குமிழிகளை நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. இரண்டு பேர் மனதில் உள்ளதைச் சொல்ல வாய் திறக்கும்போது பக்கத்தில் அவர்களுக்கு இடமே இருக்காது.

இங்கே பேய் எதற்கும் உவமை அல்ல. யோஷிகியின் ஈர்ப்பு வேறு, மலையிலிருந்து வந்தது வேறு. இரண்டும் ஒரே உடம்பில் எதிரே வந்து நிற்பதால் அவனால் பயத்தையும் ஆசையையும் பிரித்தெடுக்க முடியவில்லை. பழந்தமிழில் அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், வருத்தும் அழகும் அதே சொல்தான். அந்தச் சொல்லை இத்தனை நாள் அகராதியில் மட்டும் பார்த்திருந்தேன், இந்தப் புத்தகத்தில்தான் அது முகம் கொண்டு நின்றது.

நான்கில் எனக்கு மிகப் பெரிய புத்தகம் இதுதான். ஆனால் முதல் புத்தகமாக இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தன்னைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லாத ஒருவர், சொல்லாமல் விட்டது பிணமாகத் திரும்பி வரும் கதையைத் தனியாகப் படிப்பது கொடுமை. அவருக்கு 'தி கேர்ள் ஃப்ரம் தி சீ'. ஏற்கெனவே வீட்டில் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அடிபட்டவருக்கு 'மூன்கேக்ஸ்', அந்த இரண்டு பாட்டிகளுக்காகவே. நெருங்கியவரை இழந்தவருக்கு 'டேப்ரூட்'டைக் கொடுக்கலாம், கனமில்லாத கை அது. மூன்றையும் படித்து முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று வந்து நிற்பவரிடம், அந்தக் கடை வாசலையும் உருகும் குச்சி ஐஸையும் காட்டி, பகலில் படியுங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன்.