பெடல் மிதித்து கரண்ட்: மண்டபம் ஊரில் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தது

பெடல் மிதித்தால் கரண்ட் தருகிற மெஷின் இது. ராமநாதபுரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் செய்து தருகிறார்கள், பேட்டரியோடு சேர்த்து 14,500 ரூபாய். எக்சர்சைஸ் சைக்கிள் மாதிரி ஸ்டாண்டு, பின்னால் கனமான இரும்புச் சக்கரம், அதிலிருந்து பெல்ட் போட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் வருகிற 24 வோல்ட் மோட்டார். அந்த மோட்டாரை நாம் சுற்றினால் அதுவே ஜெனரேட்டர். வருகிற கரண்ட் கன்ட்ரோலர் வழியாக 12.8 வோல்ட், 20 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரிக்குப் போகிறது. இன்வெர்ட்டர் கிடையாது, அது நல்லதுதான், வைத்தால் சேர்த்த கொஞ்சத்திலும் பங்கு கேட்கும்.

நோட்டீஸில் 250 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அது மோட்டாரின் கணக்கு, நம் காலின் கணக்கு இல்லை. ஹேண்டில்பாரில் ஒரு மீட்டர் இருக்கிறது, சாதாரணமாகப் பேசிக்கொண்டே மிதித்தால் 60 வாட் காட்டும், 100-க்குப் போனால் சட்டை நனைந்துவிடும், காலேஜ் படிக்கிற என் தங்கை மகன் எழுந்து நின்று மிதித்து 150 தொட்டான், அதுவும் சில நிமிஷம்தான். ஒரு யூனிட் என்பது 1 கிலோவாட் மணி. 60 வாட்டில் மிதித்து ஒரு யூனிட் சேர்க்க கிட்டத்தட்ட 17 மணி நேரம் ஆகும். ஆகவே கரண்ட் பில்லைக் குறைக்க நினைத்து யாரும் இதை வாங்க வேண்டாம். அதற்கு நம் மாவட்டத்தில் வெயில் இருக்கிறது, கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையமே ஓடுகிறது, மொட்டை மாடியில் 100 வாட் பேனல் ஒன்று வைத்தால் நல்ல வெயில் நாளில் 400 வாட் மணி சும்மா வரும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பேனல் என்ன செய்யும்? 2020 டிசம்பரில் புரெவி புயல் நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது, 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் சூரியனும் இல்லை, லைனில் கரண்டும் இல்லை. அப்போதுதான் இந்த மெஷின் காசுக்கு மதிப்பு. பேட்டரி முழுசாக இருந்தால் சுமார் 250 வாட் மணி, 5 வாட் எல்இடி பல்பு இரண்டும் கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் ஒன்று 20 வாட் வேகத்திலும் எட்டு மணி நேரம் ஓடும். ஃபேனை நிறுத்திவிட்டால் செல்போன், ஹெட் லைட், வள்ளத்துக்கு எடுத்துப்போகிற ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். காலியான பேட்டரியை நிரப்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, வீட்டில் ஆள் மாற்றி ஆள் மிதித்தால் தெரியாது, தனியாக இருப்பவருக்குக் கஷ்டம்தான்.

ஒரு கோளாறு வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ராத்திரி மிதிப்பதை நிறுத்தி இறங்கிய பிறகும் பெல்ட்டும் சக்கரமும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. உள்ளே கரண்ட் திரும்பி வராமல் தடுக்கிற டயோடு போய்விட்டது, அதனால் பேட்டரி மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் சேர்த்ததையெல்லாம் அதுவே செலவழித்திருக்கிறது. பட்டறையில் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அது சரி, ஆனால் மழையில் அவ்வளவு கனத்தை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனது நாங்கள்தான். ஐம்பது ரூபாய் சாமான், ஸ்பேர் ஒன்று கூடவே கொடுத்திருக்கலாமே.

அப்புறம் உப்புக்காற்று. டெர்மினலில் சீக்கிரமே பச்சை பூத்துவிட்டது, பெல்ட் கவரில் போட்டிருக்கிற ஸ்க்ரூ எல்லாம் துரு. டயோடு மாற்றிய பையன், “அண்ணே, டெர்மினலைத் துடைச்சிட்டு வாசலின் தடவி வைங்க, கடல் பக்கம்னா மாசம் ஒருதடவை பாத்துக்கங்க” என்றான். அதைச் செய்த பிறகு பச்சை வரவில்லை. விற்கும்போதே சொல்ல வேண்டிய விஷயம் இது, கரையோர ஊர்க்காரர்களுக்குத்தானே அதிகம் விற்கிறார்கள்.

பேட்டரி லெட்-ஆசிட் வேண்டுமா, லித்தியம் வேண்டுமா என்று கேட்பார்கள், லெட்-ஆசிட் மூவாயிரம் ரூபாய் குறைவு. வேண்டாம், அதன் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், மிதித்துச் சேர்த்ததில் பாதியைத் தொட முடியாது. பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே பத்து நிமிஷம் ஏறி மிதித்து மீட்டரைப் பாருங்கள், சீட் உயரம் உங்கள் காலுக்குச் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஸ்க்ரூவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டுத் தரச் சொல்லுங்கள். 300 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம்.