பவுல் முதல் பயண டூர், துருக்கி: திரும்பி வர்ற ரூட்டுக்காகவே போலாம்

சர்ச்ல இருந்து குரூப்பா போனோம், குறையும் சொல்லப்போறதால டூர் கம்பெனி பேர இங்க போடல. பவுல் டூர்னு விக்கிற பேக்கேஜ் முக்காவாசி இஸ்தான்புல், எபேசு, அப்புறம் பமுக்கலே வெந்நீர்ல கால நனைச்சிட்டு ஃப்ளைட் ஏறுறதோட முடிஞ்சிரும். இந்த டூர் அப்படி இல்ல, பைபிள்ல பவுல் சுவிசேஷம் சொல்ல போன முதல் பயணத்த சொல்ற அப்போஸ்தலர் 13, 14 அதிகாரத்துல துருக்கி பக்கம் வர்ற ஊர்கள் மட்டும்தான். அந்தால்யால இறங்கி பெர்கே, பிசீதியா அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை, அப்புறம் வந்த வழியே திரும்பி அந்தால்யா.

இந்த திரும்பி வர்றதுதான் பஸ்ஸுக்குள்ள பெரிய பஞ்சாயத்து. "பாத்த ஊர மறுபடி காட்டவா காசு வாங்குனாங்க"ன்னு ரெண்டு மூணு பேர் ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு என்னமோ டூர்லயே அதுதான் உருப்படியான விஷயமா பட்டுச்சு. தெர்பைல இருந்து கிழக்க மலைய தாண்டுனா தர்சு, பவுலோட சொந்த ஊரு, அங்கருந்து அனுப்பிவிட்ட சபை இருக்குற சீரியா அந்தியோகியாவுக்கும் அப்படியே போயிரலாம். அத விட்டுட்டு, ஊர விட்டு துரத்துன பிசீதியா அந்தியோகியா, கல்லெறிய பிளான் போட்ட இக்கோனியா, கல்லெறிஞ்சு செத்துட்டான்னு வெளிய இழுத்து போட்ட லீஸ்திரா, இந்த மூணு ஊருக்கும் பவுலும் கூட ஊழியம் பண்ண பர்னபாவும் திரும்ப போறாங்க, எதுக்குன்னா புதுசா நம்புன ஜனங்க பயந்து பின்வாங்கிரக்கூடாதுன்னு. உபத்திரவம் வரத்தான் செய்யும்னு மறைக்காம சொல்லி, சபைக்கு சபை பொறுப்பா பாத்துக்க மூப்பர் வச்சு, உபவாசம் பண்ணி ஜெபிச்சிட்டு கிளம்புறாங்க. பெர்கேல பிரசங்கம் பண்ணதா எழுதிருக்குறதும் இந்த ரிட்டர்ன்லதான், போகும்போது அங்கதான் இவங்க கூட வந்த மாற்கு கழண்டுகிட்டு எருசலேமுக்கு போயிட்டாரு.

லீஸ்திரா கொன்யாவுக்கு (அதான் பழைய இக்கோனியா) தெக்க ஹாதுன்சராய் கிராமத்துகிட்ட ஒரு மண்மேடு, அவ்ளோதான். காஞ்ச புல்லு, முள்ளு, காத்து, ஆளே இல்ல. போட்டோ எடுக்க வந்தவங்களுக்கு ஏமாத்தமாதான் இருக்கும். எங்க சர்ச் ஐயர் (பாஸ்டர்) அங்க நின்னு 14ஆம் அதிகாரத்த மட்டும் வாசிச்சாரு, பிரசங்கமே பண்ணல, அதுக்கே அவருக்கு தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம். முந்தின நாள் கல்லடி வாங்கின பவுல் மறுநாளே தெர்பைக்கு கிளம்புறாரு, ஏசி பஸ்லயே எங்களுக்கு அந்த ரோடு முடியல. தெர்பையும் கரமான் பக்கம் வயலுக்கு நடுவுல ஒரு மேடுதான். ரெண்டு இடத்துலயும் டாய்லெட் கிடையாது, வயசானவங்க கொன்யாலயே எல்லாத்தயும் முடிச்சிட்டு ஏறுங்க. 1885ல கிடைச்ச லீஸ்திரா பேர் பொறிச்ச கல்லு கொன்யா மியூசியத்துல இருக்கு, இந்த மேடுதான் லீஸ்திரான்னு முடிவானதே அத வச்சுதான். கேட்டு வாங்கி பாருங்க, கைடு தானா காட்டமாட்டாரு.

கைடு பத்தி சொல்லணும்னா, அந்தால்யால ஹாட்ரியன் வாசல்ல நிக்க வச்சு பவுல் இது வழியா நடந்தாருன்னு அடிச்சு விட்டாரு. அந்த வாசல் கட்டுனதே கிபி 130ல ரோம ராஜா ஹாட்ரியன் வந்தப்போ, பவுல் போயி எண்பது வருசம் கழிச்சு. பெர்கேல இருக்குற ரெண்டு வட்ட கோபுரமும் பவுலுக்கு முன்னாடியே உள்ளது, அத சொல்லிருக்கலாம், அத விட்டுட்டாரு. யல்வாச்சுல பிசீதியா அந்தியோகியா இடிபாடு பிரமாதம், ஊருக்கு தண்ணி கொண்டு வந்த அந்த நீர்ப்பால தூண்கள விட்டு எங்க ஆளுங்கள நகத்தவே முடியல, ஆனா குடுத்தது ஒரு மணி நேரம்தான், ஏன்னா சாயங்காலம் கார்ப்பெட் கடைக்கு கூட்டிட்டு போகணுமாம், அங்க டீ குடுத்து உக்கார வச்சு விடவே மாட்டேங்குறான்.

சாப்பாடு கொன்யால எத்லி எக்மெக் சூப்பர், நீட்டமா மெல்லிசா ரொட்டி, மேல கொத்துக்கறி. சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு அந்த பக்கம் கொஞ்சம் திண்டாட்டம், ஊறுகா பாட்டில் எடுத்துட்டு போங்க.

அஞ்சுக்கு மூணரை. புக் பண்ணா கார்ப்பெட் கடைய எடுத்துட்டு அந்த நேரத்த யல்வாச்சுக்கு குடுக்க சொல்லி எழுத்துலயே வாங்கிருங்க, அப்புறம் ஏப்ரல் மே இல்லன்னா செப்டம்பர் அக்டோபர்ல போங்க, ஜூலைல அந்தால்யா வெயில் நம்மூர் அக்னி நட்சத்திரம் மாதிரி.