விண்டோஸுக்குள் லினக்ஸ்: டபிள்யூஎஸ்எல் 2 நெடுநாள் பயன்பாட்டில்

மரபணு வரிசைத் தரவுகளை ஆராயப் பயன்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவை லினக்ஸுக்காகவே எழுதப்பட்டவை. அவற்றைச் சிரமமின்றி நிறுவ உதவும் பயோகோண்டாவும் விண்டோஸில் இயங்காது. அலுவலக வேலைக்காக விண்டோஸை விட முடியாத என் போன்றோர் கணினியை மறுதொடக்கம் செய்து இன்னொரு இயங்குதளத்துக்கு மாறிக்கொண்டிருந்த வேலையைச் சில ஆண்டுகளாக டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் வசதி) மிச்சப்படுத்தியிருக்கிறது.

2016இல் வந்த முதல் பதிப்பு, லினக்ஸ் மென்பொருளின் அழைப்புகளை விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்ததே தவிர, அதில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இருக்கவில்லை. 2020இல் பரவலாகக் கிடைத்த இரண்டாம் பதிப்பு, உண்மையான கெர்னலையே எடை குறைந்த மெய்நிகர் கணினி ஒன்றில் ஓட்டுகிறது. ஆகவே பிடபிள்யூஏ, சாம்டூல்ஸ் போன்ற மரபணு ஆய்வு மென்பொருள்கள் உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் எப்படி ஓடுமோ அப்படியே இங்கும் ஓடுகின்றன. நிறுவுவதற்கு ஒரு கட்டளையும் ஒரு மறுதொடக்கமும் போதும்.

கவனம் வேண்டியது கோப்புகளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான். சி டிரைவ் லினக்ஸுக்குள்ளும் தெரியும் என்றாலும், அங்குள்ள கோப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் கோரிக்கை இரண்டு இயங்குதளங்களையும் கடந்து போய் வர வேண்டியிருப்பதால், பயோகோண்டா வழியாக நிறுவிய மென்பொருள்கள் இருக்கும், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட கோண்டா சூழலை அங்கே வைத்தால் பொறுமை சோதிக்கப்படும். தரவையும் நிரல்களையும் லினக்ஸின் சொந்த வட்டிலேயே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு மட்டும் விண்டோஸ் எக்ஸ்புளோரர் வழியாக உள்ளே செல்வதே நல்லது. ஆனால் அந்த வட்டு, சி டிரைவில் ஒரே பெரிய கோப்பாக இருப்பது. தரவு சேரச் சேர வளரும், இடைநிலைக் கோப்புகளை அழித்தாலும் இயல்பான அமைப்பில் தானாகச் சுருங்காது. டபிள்யூஎஸ்எல்லை நிறுத்திவிட்டு விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியான டிஸ்க்பார்ட் கொண்டு நாமே சுருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான்.

நினைவகத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இயல்பாகக் கணினியின் ரேமில் பாதிதான் லினக்ஸுக்குக் கிடைக்கும். மனித மரபணுத் தொகுதியை வைத்து, ஆர்என்ஏ வரிசைகளை அதனோடு பொருத்தும் ஸ்டார் மென்பொருளை ஓட்டச் சுமார் 30 ஜிபி தேவை என்பதால், 32 ஜிபி கணினியில் கெர்னல் அதைப் பாதியிலேயே கொன்றுவிடும். திரையில் ஒற்றைச் சொல்லைத் தவிர விளக்கம் எதுவும் வராது. அமைப்புக் கோப்பில் வரம்பை உயர்த்தலாம். விண்டோஸும் அதே ரேமில்தான் வாழ வேண்டும் என்பதால், அதற்கும் எல்லை உண்டு. 64 ஜிபி இல்லாமல் ஸ்டாரை இதில் முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் 11இல் லினக்ஸின் வரைகலை நிரல்களும் திறக்கின்றன. வரிசைகளைப் பார்க்க உதவும் ஐஜிவி விண்டோஸிலேயே ஓடுவதால் எனக்கு அந்த வசதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

இரவு முழுவதும் ஓட வேண்டிய வேலைகளை நான் இதில் விடுவதில்லை; கணினி உறங்கப் போனாலோ புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் ஆனாலோ ஓடுவது நின்றுவிடும். சிறு மாதிரித் தரவில் நிரலை இங்கே சரிபார்த்து, முழுத் தரவை லினக்ஸ் சர்வருக்கு அனுப்புகிறேன். கோப்புப் பாதைகளை மாற்றினால் போதும், அதே நிரல் அங்கும் ஓடும்.