3 குதிரைத்திறன் தூள் உறிஞ்சி: செதுக்குப் பட்டறைக்கு வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் சாமி மேடை, வாசல் நிலை, பெயர்ப்பலகை செதுக்கும் பட்டறைகள் பெரும்பாலும் தாமான் (குடியிருப்பு) வீட்டின் பின்கட்டிலோ கடைவீட்டின் கீழ்த்தளத்திலோதான் இருக்கும். கணினி சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி இயந்திரம் வாங்கினதும் அடுத்ததாகக் கடைக்காரர் காட்டுவது இரண்டு பை, நாலு சக்கரம், 2.2 கிலோவாட் (3 குதிரைத்திறன்) மோட்டார் கொண்ட தூள் உறிஞ்சி. பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்புதான். இழுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் தீ என்று பார்த்தால், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டும் உறிஞ்சி சில நேரம் உறிஞ்சியே இல்லாத பட்டறையைவிட மோசம்.

காரணம் எளிது. செதுக்கும்போது மேசை மேல் விழும் கங்கு கண்ணில் படும், ஈரத்துணியால் அமுக்கிவிடலாம். குழாய்க்குள் போன கங்கு யார் கண்ணிலும் படாது. நேரே பைக்குள் போய்ப் பொடித்தூள் குவியலில் புதைந்துகொள்ளும். மேலே காற்று ஓடிக்கொண்டே இருக்க, உமி அடுப்பு மாதிரி உள்ளுக்குள் கனியும். மாலை ஆறு மணிக்குக் கடையைப் பூட்டும்போது வாசனைகூட வராது, நடுராத்திரியில்தான் பை ஓட்டையாகித் தீ வெளியே தெரியும். அதனால் இந்த இயந்திரத்தின் தரத்தைவிட அதை எங்கே வைக்கிறோம், அதற்குள் எதை அனுப்புகிறோம் என்பதுதான் பெரிது.

முதல் குறை, தூள் பைக்குப் போகும் முன் விசிறியைக் கடந்து போவது. மேசைப் பலகையில் மறந்த ஒரு திருகாணி உறிஞ்சப்பட்டு இரும்பு விசிறியில் மோதினால் பொறி பறக்கும். அதே காற்று அதை அடுத்த நொடியே பைக்குள் தள்ளும். விசிறிக்கு முன்னால் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் ஒரு சைக்ளோன் பிரிப்பான் வைத்தால் திருகாணியும் சீவலும் பெரும்பகுதி தூளும் கீழே தோங்கில் (பீப்பாயில்) விழுந்துவிடும், பைக்கு மிச்சப் பொடி மட்டுமே போகும். சைக்ளோனோடு இனாமாகத் தரும் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி வேண்டாம். குழாய் அடைத்துக்கொண்டால் இந்த மோட்டாரின் இழுப்புக்கு அது நசுங்கிவிடும், கங்கு விழுந்தால் உருகிவிடும். மூடியும் பூட்டு வளையமும் உள்ள 200 லிட்டர் இரும்புத் தோங்தான் சரி. பாதி நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். விளிம்புவரை விட்டால் சைக்ளோன் வேலை செய்யாது, தூளெல்லாம் மறுபடி பைக்கே போகும்.

இடமிருந்தால் உறிஞ்சியைச் சுவருக்கு வெளியே, மழை படாத தகரக் கூரைக்குக் கீழ் தனியாக வையுங்கள். உள்ளேதான் வைக்க முடியும் என்பவர்கள், முக்கியமாகப் பக்கத்துக் கடையோடு கூரை சேர்ந்த கடைவீட்டில் இருப்பவர்கள், இதை வாங்கும் முன் ரொம்ப யோசிக்கணும்.

பெட்டியில் அச்சடித்த காற்றளவு குழாய் மாட்டாமல் எடுத்த அளவு. நமக்குத் தேவை குழாய்க்குள் நொடிக்கு 20 மீட்டர் வேகம். 100 மி.மீ. குழாயில் அது மணிக்கு சுமார் 565 கன மீட்டர். 3 குதிரைத்திறனுக்கு இது சின்ன வேலை. பத்து மீட்டர் சுருள் குழாயை வளைத்து நெளித்து மாட்டினால்தான் வேகம் விழுந்து, தூள் குழாயிலேயே படியும். நேர்ப்பகுதிக்கெல்லாம் தகரக் குழாய் போட்டு, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஒட்டிய ஒன்றரை மீட்டருக்கு மட்டும் சுருள் குழாய் வையுங்கள். சுருளுக்குள் இருக்கும் கம்பியின் இரு முனையையும் உரித்து, ஒன்றைத் தகரக் குழாயோடும் மற்றதை இயந்திரச் சட்டத்தோடும் இறுக்கி, எர்த்தில் சேர்த்துவிட்டால் நிலைமின்சாரம் தேங்காது.

மின்சாரத்தில் இன்னொரு குறை. 240 வோல்ட்டில் இந்த மோட்டார் முழுச் சுமையில் இழுப்பது 12, 13 ஆம்பியர். கிளம்பும்போது அதன் பல மடங்கு. கூடவே வரும் 13 ஆம்பியர் பிளக் சில மாதத்தில் சூடேறிப் பழுப்பாகிவிடும். 20 ஆம்பியர் ஐசொலேட்டரோடு (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். அப்போதே ஒரு கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்தினால் ஸ்பிண்டிலும் உறிஞ்சியும் சேர்ந்து நிற்கும்படி செய்துவிடுங்கள். உறிஞ்சியின் சுவிட்ச் மோட்டாரின் முதுகில் இருக்கிறது. தீப்பிடித்த நேரத்தில் அதைத் தேடி ஓடும்வரை அது தீக்கு ஊதிக்கொண்டேயிருக்கும்.

கங்கு பிறக்கும் இடம் மரத்தை வெட்டும் பிட்டின் முனை. அங்கே கவனிக்காமல் எத்தனை உறிஞ்சி வாங்கியும் பயனில்லை. இரண்டு வெட்டுவாய் உள்ள 6 மி.மீ. பிட்டை நிமிடத்துக்கு 18,000 சுற்றில் சுழலவிட்டு, "மெதுவாகப் போனால் நல்லது" என்று நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகம் வைக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு வாய்க்கு 0.028 மி.மீ. சீவல். அது வெட்டு அல்ல, தேய்ப்பு. ரப்பர் மரமோ நியாதோ மரமோ, அந்தப் பிட்டுக்கு 0.1 மி.மீ.க்கு மேல் வேண்டும். 10,000 சுற்று, 2,400 மி.மீ. வேகம் என்றால் 0.12 கிடைக்கும். சூடு சீவலோடு போய்விடும், பிட்டில் தங்காது. மேசையில் மாவு மாதிரி விழுகிறதா, சீவலாக விழுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். செங்கால் மாதிரி கடின மரத்தில் பிட் சீக்கிரம் மழுங்கும். வெட்டின ஓரம் கறுத்தால் மாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆழக் குழியில் தூளைக் கீழ்நோக்கி அமுக்கும் பிட்டைப் போடாதீர்கள், மேலே தூக்கும் பிட்டைப் போடுங்கள். நேரே குத்தி இறக்காமல் சரிவாக இறக்குங்கள். சாமி முகம், பூவேலைக்கு 3 மி.மீ. உருண்டை முனைப் பிட் மணிக்கணக்கில் ஓடும்போது வருவது பொடிதான், அதைத் தவிர்க்க முடியாது. அந்த ஓட்டத்துக்கு முன் தோங் காலியாக இருக்கட்டும்.

மிக மோசமான நிலை ஒன்று உண்டு: மடிக்கணினி தூங்கிப்போகிறது அல்லது யூஎஸ்பி வயர் கழன்றுகொள்கிறது. அச்சுகள் நின்றுவிடும், ஸ்பிண்டில் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அங்கே மரம் கனல ஆரம்பிக்கும், உறிஞ்சி அதை இழுத்துக்கொள்ளும். ஸ்பிண்டிலைக் கைத்திருகியில் ஓட்டாமல் கட்டுப்பாட்டுப் பலகையின் வழியாக ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தால் அது தானே அணைகிறதா என்று வயரைப் பிடுங்கியே சோதியுங்கள். அப்படிச் செய்தாலும் இயந்திரம் ஓடும்போது டீ குடிக்க வெளியே போகிற பழக்கம் வேண்டாம். கடைசி வெட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் யாராவது இருந்து, தோங்கையும் பையையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டணும்.

கூடவே வரும் துணிப்பை நுண்பொடியை வெளியே விடும். அது உத்தரத்தில் படியும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 664 விதி (இப்போது என்எஃப்பிஏ 660-ல் சேர்ந்துவிட்டது) மரத்தூள் படிவுக்கு வைத்திருந்த அளவு 3.2 மி.மீ., தீக்குச்சியின் தடிமனைவிடச் சற்றுதான் கூடுதல். 2012-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு மர ஆலைகள் தூள் வெடித்து நாசமாயின, ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தார்கள். காற்றுக் குழலால் ஊதித் துடைப்பது தூளை மேகமாக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அதே உத்தரத்துக்குக் கீழ் விளக்கேற்றிச் சாம்பிராணி போடும் பட்டறைகள் ஏராளம். சாமி படத்தை முன்வாசல் பக்கம் மாற்றுவதில் தெய்வக்குற்றம் எதுவும் வராது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியும் தானாகவே சூடேறிப் பற்றும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டின்னில் போடுங்கள், தூள் தோங்கில் அல்ல.

தூள் குவியல் புகைந்தால் 9 கிலோ பொடி அணைப்பானைக் கிட்ட நின்று அடிக்காதீர்கள். அந்த வேகத்தில் தூள் எழும்பி மேகமாகும். உறிஞ்சியையும் மெயினையும் அணைத்து, தோட்டக் குழாயின் பூவாளி முனையால் மெல்லத் தெளியுங்கள். தோங்கே புகைந்தால் மூடியைத் திறக்க வேண்டாம். ஆட்கள் வெளியேறி, 999-ல் பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிட வேண்டும்.

வெளியே வைக்க இடமும், சைக்ளோனுக்கும் இரும்புத் தோங்குக்கும் தனி வயருக்கும் பணமும் இருந்தால் வாங்கலாம். விலை பேசும்போது கூடவே வரும் இரண்டாவது சுருள் குழாயைக் கழித்துக்கொண்டு, நுண்பொடியையும் பிடிக்கும் 1 மைக்ரான் பை கேளுங்கள்.