சில்வர் ஸ்கையா, எஸ்இ-யா? மூன்றாம் தந்தியைக் கேளுங்கள்

பிஆர்எஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சில்வர் ஸ்கை மின்கிட்டாருக்கு எஸ்இ என்று ஒரு மலிவுப் பதிப்பு உண்டு. அந்த எஸ்இ விலை கொஞ்சம் இறங்கியதும் நண்பர் ஒருவர் கேட்டார்: “பிஆர்எஸ் சில்வர் ஸ்கைக்கே காசு சேர்ப்பதா, இல்லை எஸ்இ சில்வர் ஸ்கையை எடுத்துவிடுவதா?” நியாயமான கேள்வி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அதே உருவம், அதே 25.5 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), அதே 22 ஃப்ரெட் (நெக்கில் பதித்த உலோகக் கம்பிகள்), அதே மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) கிடைக்கிறது. வழக்கமாக எல்லோரும் மரத்தையும் பிக்கப்பையும் பற்றித்தான் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது நெக்கின் தலைமாட்டில் தந்திகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டை. நட்.

முதலில் தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். சில்வர் ஸ்கை 2018இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜான் மேயருக்காக, அவர் பெயரில் வந்த சிக்னேச்சர் மாடல். அவருக்குப் பிடித்த 1963, 1964 ஆண்டு கிட்டார்களின் குணங்களை வைத்துச் செய்தது, அதனால்தான் ஃபிங்கர்போர்டின் (விரல் பதியும் பலகை) குறுக்கு வளைவின் ஆரம் 7.25 அங்குலம். எஸ்இ 2022இல் வந்தது, இந்தோனேசியாவில் கார்-டெக் தொழிற்சாலையில் உருவாவது. ஆல்டர் உடல் அங்கே பாப்லர் ஆகிறது. எலும்பு நட் செயற்கை எலும்பு ஆகிறது. தந்தியைப் பூட்டிக்கொள்ளும் ட்யூனர் (தந்தியை முறுக்கும் சாவி) சாதா ட்யூனர் ஆகிறது. 635ஜேஎம் பிக்கப் 635ஜேஎம் எஸ் ஆகிறது. வளைவு 8.5 அங்குலத்துக்குத் தட்டையாகிறது.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆம்ப், ஒரே பிக்கப் உயரம் என்று வைத்துக் கேட்டால் தனியாக வாசிக்கும்போது வித்தியாசம் தெரியும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்துவிட்டால் தெரியாது. “எஸ்இ கொஞ்சம் கரகரப்பு” என்று சொல்பவர்கள் முதலில் பிக்கப் உயரத்தை அளக்கட்டும். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, காந்த முனைக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதல் தந்திப் பக்கம் 2 மி.மீ., ஆறாம் தந்திப் பக்கம் 2.5 மி.மீ. நல்ல தொடக்கம். அதைவிட நெருங்கினால் காந்தமே தந்தியைப் பிடித்து இழுக்கும். ஆறாம் தந்தியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதி மோதுவது போல அலைபாயும். பிக்கப் மட்டமானது என்று நினைத்துக் கழற்றி எறிகிறார்கள். ஸ்க்ரூ டிரைவரை இரண்டு சுற்றுச் சுற்றினால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

அடுத்து வளைவு. 7.25இல் பெண்ட் செய்தால், அதாவது தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றினால், சுரம் செத்துப்போகும், 8.5இல் போகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15ஆம் ஃப்ரெட்டில் முதல் தந்தியை ஒரு முழுத் தொனி ஏற்ற, பத்தாம் நம்பர் (0.010 அங்குலத் தடிமன்) தந்தியில் ஏறக்குறைய 18 மி.மீ. தள்ள வேண்டும். அப்போது தந்தி வளைவின் உச்சியை நோக்கி நகர்கிறது. அதன் மறுமுனையோ பிரிட்ஜில் தந்தி உட்காரும் சாடிலில் ஓரமாகவே இருக்கிறது. நடுவில் ஃப்ரெட்டுகள் தந்தியை நோக்கி எழும்பும். 16ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே இருக்கும் இடைவெளியில் 7.25 வளைவு ஏறத்தாழ 0.07 மி.மீ. தின்கிறது, 8.5 வளைவு 0.06 மி.மீ. தின்கிறது. ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேலே தந்தியின் உயரம்) 12ஆம் ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்றால் அந்த இடத்தில் இருக்கும் மொத்த இடைவெளியே 0.2 மி.மீ.க்குக் குறைவு. ஆக, பெண்ட் செய்யும்போது இடம் சுருங்குவது உண்மை. ஆனால் இந்த இரண்டு கிட்டார்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு ஃப்ரெட் சற்றே தூக்கிக்கொண்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். சுரம் சாகிறது என்றால் ஃப்ரெட் மட்டத்தைப் பாருங்கள், நெக்கின் நீளவாக்குக் குழிவு ஏழாம் ஃப்ரெட் அருகே 0.2 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிங்கர்போர்டைத் திட்டிப் பயனில்லை. 7.25இன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது: முதல் மூன்று ஃப்ரெட்டில், ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பார் கார்ட் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் வளைவோடு ஒட்டி உட்காரும். மணிக்கணக்கில் ரிதம் வாசிப்பவர்களுக்கு அது பெரிய சுகம். எஸ்இ-யில் அந்தச் சுகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இப்போது நட்டுக்கு வருவோம். அதில் தந்தி மாட்டிக்கொள்வது எஸ்இ-க்கு மட்டும் உரிய குறை அல்ல. இந்த விலை வரம்பில் எந்த நிறுவனத்தின் கிட்டாரை எடுத்தாலும் சந்தேகப்பட வேண்டிய இடம். மூன்றாம் தந்தியை ட்யூனர் மீட்டரில் (சுருதி காட்டும் கருவி) துல்லியமாக வையுங்கள். ஏழாம் ஃப்ரெட்டில் மூன்று முறை முழுத் தொனி பெண்ட் செய்யுங்கள். திறந்த தந்தியை மறுபடி மீட்டுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்குப் பின்னால், ஹெட்ஸ்டாக் பக்கம், அதே தந்தியை விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறிவிட்டதா? குற்றவாளி நட். ஏறவில்லையா? ட்யூனரில் சுற்றிய சுற்று இறுகுகிறது, அல்லது தந்தி புதிது, இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.

காரணம் எளிது. பெண்ட் செய்யும்போது ஹெட்ஸ்டாக் பக்கத்தில் இருக்கும் தந்தி நட்டின் பள்ளம் வழியாக முன்னால் இழுபடுகிறது. பள்ளம் இறுக்கிப் பிடித்தால் திரும்பிப் போகாது, சுருதி இறங்கும். பிரிட்ஜில் இருக்கும், சுருதியை ஆட்டும் கம்பியான வாமி பாரை அழுத்தினால் தலைகீழ்: தளர்ந்த தந்தி பின்னால் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும், சுருதி ஏறி நிற்கும். அதை ஒரு பெண்ட் போட்டால் சரியாகும். பல பேர் வாசித்துக்கொண்டே தெரியாமல் செய்யும் வைத்தியம் அதுதான்.

ஏன் எப்போதும் மூன்றாம் தந்தி? 10-46 செட்டில் (மெல்லிய தந்தி 0.010, தடித்தது 0.046 அங்குலம்) சுற்றுக்கம்பி இல்லாத தந்திகளிலேயே தடிமனானது அது, 0.43 மி.மீ. இழுவிசை ஏழரை கிலோ. முதல் தந்திக்கும் கிட்டத்தட்ட அதே. ஆனால் எஃகின் குறுக்குப் பரப்பு முதல் தந்தியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் அதே அளவு நகர்ந்தாலும் இதில் சுருதி மூன்று மடங்கு மாறும். நட்டில் 0.01 மி.மீ. மாட்டிக்கொண்டாலே மூன்றாம் தந்தி 5 சென்ட் (ஒரு சென்ட் அரைத் தொனியில் நூறில் ஒரு பங்கு) விலகும். முதல் தந்தி 2 சென்ட்கூட விலகாது. தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பகுதி அது. கார்ட் வாசித்தால் காது உடனே சொல்லிவிடும்.

சரிசெய்ய முதலில் பென்சில். 2பி பென்சிலின் கூர்முனையைப் பள்ளத்துக்குள் நான்கைந்து முறை இழுங்கள். தேறினால் நல்லது, ஆனால் இது சில வாரத்துக்குத்தான். மறுபடி மாட்டினால் பள்ளத்தின் அகலம் போதவில்லை என்று அர்த்தம். 9-42 செட்டுக்கு வெட்டிய நட்டில் 10-46 போட்டால் நிச்சயம் இப்படி ஆகும். 0.43 மி.மீ. தந்திக்குப் பள்ளம் 0.46 முதல் 0.48 மி.மீ. வரை இருக்கலாம். நட் அரம் இருந்தால் 0.018 அங்குல அரம். இல்லாவிட்டால் 1000ஆம் எண் உப்புத்தாளை மடிக்காமல் ஒற்றையாக விட்டுப் பள்ளத்தின் இரு பக்கச் சுவரிலும் மெதுவாகத் தேயுங்கள். இரண்டு மூன்று இழுப்பு, பிறகு தந்தியைப் போட்டு மறுபடி அந்த பெண்ட் சோதனை. அவசரப்பட்டால் வேலை கெட்டது.

அடிப்பகுதியைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் பள்ளம் ஹெட்ஸ்டாக் பக்கம் சற்றே சரியும்படி வையுங்கள். தந்தியின் கடைசித் தொடுபுள்ளி ஃபிங்கர்போர்டு பக்க விளிம்பாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கியிருந்தால் திறந்த தந்தி சிதார் மாதிரி இரையும். ஆழத்தைப் பார்க்க, தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு தாள் நுழையும் அளவு, அதாவது 0.1 மி.மீ., இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தந்தி ஃப்ரெட்டைத் தொட்டுவிட்டால் ஆழம் அதிகமாகிவிட்டது. சமையல் சோடாவும் சூப்பர் க்ளூவும் போட்டுப் பள்ளத்தை நிரப்பி மறுபடி வெட்டலாம். நிரந்தரத் தீர்வு புது நட்தான்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு கிட்டாரின் விலையில் இந்தத் துண்டுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. பளபளப்புக்கும் பெட்டிக்கும் செலவழித்துவிட்டு, அரை மணி நேர அரம் வேலையை வாங்குபவர் தலையில் கட்டுவது எந்தத் தொழிற்சாலை செய்தாலும் தப்புத்தான். கிட்டார் புதிதாகக் கற்கும் பிள்ளை தன் விரல் சரியில்லை, தன் காது சரியில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ட்யூனர் விஷயத்தில் சில்வர் ஸ்கைக்குத் தெளிவான ஆதாயம். தந்தியைப் பூட்டிவிட்டால் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே போதும்; வழுக்க எதுவும் இல்லை. எஸ்இ-யில் சாதா ட்யூனர்தான், ஆனாலும் முறையாகச் சுற்றினால் குறை சொல்ல முடியாது. ட்யூனரைத் தாண்டி 5 செ.மீ. விட்டு வெட்டுங்கள், மெல்லிய தந்திக்கு இரண்டரை, மூன்று சுற்று, ஒன்றின் கீழ் ஒன்றாக, மேலேறிப் பின்னாமல். பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியை மெல்லத் தூக்கி இழுத்து, ட்யூன் செய்து, இதையே ஐந்தாறு முறை. பூட்டும் ட்யூனர் வாங்கி மாற்ற நினைத்தால் முதலில் ஹெட்ஸ்டாக் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். பழைய பாணி ஓட்டை 8.7 மி.மீ. அளவு, நவீன ட்யூனர் பலவற்றுக்கு 10 மி.மீ. வேண்டும். டிரில் வைத்துப் பெரிதாக்கினால் மரம் செதில் செதிலாகப் பெயரும். கையால் சுற்றும் ரீமர்தான் சரி.

வாமி பார் பொருந்தும் பிரிட்ஜான ட்ரெமொலோவில் மேயரின் பழக்கம் பளிச்சென்று தெரியும். சில்வர் ஸ்கையில் அது உடலோடு படிந்து உட்கார்ந்திருக்கும்; பாரை அழுத்திச் சுருதியை இறக்கலாம், மேலே ஏற்ற முடியாது. ஏற்றி வாசிப்பவருக்கு இது எரிச்சல். மற்றவர்களுக்கு வரம்: ஒரு தந்தியை பெண்ட் செய்யும்போது பக்கத்துத் தந்தி சுருதி இறங்காது, உள்ளங்கையை பிரிட்ஜில் வைத்தால் சுருதி அசையாது, நடுப்பாட்டில் தந்தி அறுந்தாலும் மிச்சம் ஐந்தும் இருந்த இடத்தில் இருக்கும். எஸ்இ-யிலும் இதை அமைத்துக்கொள்ளலாம். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் கொக்கியின் இரண்டு திருகையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ட்யூன் செய்து பாருங்கள். தட்டு உடலில் படிந்ததும் இன்னும் அரைச் சுற்று. இதனால் ஆக்ஷன் இறங்கியிருந்தால் சாடிலை ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தூண்களில் நிற்கும் ட்ரெமொலோவில் தந்தி முழு இறுக்கத்தில் இருக்கும்போது தூணைத் திருகாதீர்கள். தூணில் சாய்ந்து நிற்கும் தட்டின் கத்திமுனை மழுங்கினால் திரும்ப வரவே வராது.

சிக்னேச்சர் மாடல் என்றால் இன்னொருவர் கையின் பழக்கங்களைச் சேர்த்து வாங்குகிறோம். 1988இல் ஃபெண்டர் நிறுவனம் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்குச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ட்ரெமொலோவையே கட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். நடுச்சுரங்களைத் தூக்கும் சர்க்யூட்டுக்கு 9 வோல்ட் பேட்டரியும் வைத்தார்கள். கிளாப்டனுக்கு அது தேவை. உங்களுக்கு? 1987இல் ஐபனீஸ் நிறுவனம் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஜெம் 777 கொண்டுவந்தபோது அதே ஆண்டு ஆர்ஜி 550உம் வந்தது. ஜெம்மில் உடலைக் குடைந்து வைத்த கைப்பிடி வேண்டாதவர்கள் நிம்மதியாக ஆர்ஜி பக்கம் போனார்கள்.

இத்தனையும் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தால் எல்லாக் கணக்கும் எஸ்இ பக்கம்தான். நட்டைத் தேய்த்து, தந்தியை ஒழுங்காகச் சுற்றி, ட்ரெமொலோவைப் படியவைத்துவிட்டால் மிச்சம் இருக்கும் வித்தியாசத்துக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. போன வாரம் கேட்டிருந்தால் எஸ்இ என்றே சொல்லி முடித்திருப்பேன். ஆனால் இன்று இரண்டையும் அடுத்தடுத்து எடுத்து, பாரை அடிவரை அழுத்திவிட்டு உடனே ஒரு ஜி மேஜர் கார்ட் அடித்துப் பார்த்தபோது, சில்வர் ஸ்கை அப்படியே சுருதியில் வந்து நின்றது. சரிசெய்த எஸ்இ-யும் வந்தது, மூன்றாம் தந்தி மட்டும் இரண்டு சென்ட் மேலே. இரண்டே சென்ட். அது காதில் விழுந்த பிறகு விழாத மாதிரி இருக்க முடியவில்லை. பாரை நிறைய வாசிப்பவராக இருந்து, காசுக்கும் வழி இருந்தால், சில்வர் ஸ்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரைத் தொடாதவர் என்றால் எஸ்இ. எதுவானாலும் கடையிலேயே ட்யூனர் மீட்டரைக் கேட்டு வாங்கி, ஏழாம் ஃப்ரெட்டில் மூன்று பெண்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.