நறுமண இலைச் சாதக் கலவை: அரிசி நன்று, காய்கள் ஏமாற்றம்

வசந்த காலத்தின் இளங்காய்களையும் நறுமண இலைகளையும் சேர்த்துச் செய்யும் சாதம், சுட்ட மீனுக்கோ வாட்டிய கோழிக்கோ பக்கத்தில் வைத்துப் பரிமாற மிகவும் ஏற்றது. அதற்கென்று விற்கப்படும் ஆயத்தக் கலவை ஒன்றை வாங்கி, இதுவரை மூன்று முறை சமைத்துப் பார்த்தேன். 200 கிராம் பொட்டலத்தில் நீள அரிசியோடு உலர்ந்த பார்ஸ்லி, தைம், டில் ஆகிய இலைகளும், உலர்த்திய பட்டாணி, கேரட், அஸ்பாரகஸ் என்னும் இளந்தண்டின் துண்டுகளும், உப்பும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

அரிசியில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. உடைசல் அநேகமாக இல்லை; வெந்த பிறகு பருக்கைகள் ஒட்டாமல் உதிரி உதிரியாக நிற்கின்றன. அமைலோஸ் என்னும் மாவுச்சத்து மிகுந்த நீள அரிசிக்கே உரிய குணம் இது. தைமின் மணமும் கடைசி வரை நிற்கிறது. அது நெடுநேரம் வெந்தாலும் தாங்கும் இலை.

சிக்கல் செய்முறைக் குறிப்பில்தான் இருக்கிறது. பொட்டலத்தை அப்படியே 400 மில்லி தண்ணீரில் கொட்டி, மூடி போட்டு, சிறு தீயில் 20 நிமிடம் வேகவிடச் சொல்கிறார்கள். முதல் முறை அப்படியே செய்தேன். மூடியைத் திறந்ததும் அஸ்பாரகஸ் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தேன். உள்ளே சதை கரைந்துபோய் நார் மட்டும் பல்லில் சிக்கியது. பட்டாணியோ தோல் சுருங்கி, நடுவில் இன்னும் மாவாகவே இருந்தது. பசுமை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நெடுநேரச் சூட்டில் பச்சையத்திலுள்ள மக்னீசியம் வெளியேறிவிடுவதால்தான் காய்கள் இப்படி மங்கிய பழுப்புப் பச்சையாக மாறுகின்றன. எலுமிச்சைச் சாற்றை முன்கூட்டியே பிழிந்தால் இந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கும். பார்ஸ்லி, டில் ஆகியவற்றின் மணம் ஆவியோடு போய்விட்டது. இரண்டாம் முறை காய்களை மட்டும் பொறுக்கி, அரை மணி நேரம் ஊறவைத்துச் சேர்த்தேன். பட்டாணி மென்மையாக வெந்தது. நிறமும் மணமும் திரும்பவில்லை.

மூன்றாம் முறைதான் இந்தக் கலவையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது பிடிபட்டது. உலர்ந்த காய்களைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, மீதியைச் சல்லடையில் சலித்து இலைத்தூளைத் தனியே வைத்துக்கொண்டேன். அரிசியை வெண்ணெயில் 2 நிமிடம், ஓரங்கள் கண்ணாடிபோல் தெளியும் வரை வறுத்து, பிறகு சூடான தண்ணீரையும் இலைத்தூளையும் சேர்த்து மூடினேன். தண்ணீர் வற்றி, சாதத்தின் மேல் சிறு சிறு துளைகள் தெரியத் தொடங்கிய நேரத்தில், புதிய பட்டாணியையும் விரல் நீளத்துக்கு நறுக்கிய அஸ்பாரகஸையும் மேலே பரப்பி, கிளறாமல் மறுபடி மூடி 4 நிமிடம் வைத்தேன். (அஸ்பாரகஸின் முற்றிய அடித்தண்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.) அடுப்பை அணைத்த பின் 10 நிமிடம் திறக்கவே இல்லை. அந்த நேரத்தில்தான் மேலும் கீழும் ஈரம் சமமாகப் பரவுகிறது. இறுதியாகப் பொடியாக நறுக்கிய புதிய பார்ஸ்லியும், துருவிய எலுமிச்சைத் தோலும் தூவி, முட்கரண்டியால் மெல்லக் கிளறினேன். மூடியைத் திறந்தபோது எழுந்த மணமும், பட்டாணி வாயில் வெடித்துத் தந்த இனிப்பும் முதல் இரண்டு முறையும் கிடைக்காதவை.

உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கலவையிலேயே போதிய அளவு இருக்கிறது, உப்பில்லா வெண்ணெயைப் பயன்படுத்துவதே நல்லது. புதிய இலைகள் கிடைக்காதவர்கள் உலர்ந்த இலையைக் கூடுதலாகச் சேர்க்க நினைத்தால், புதியதில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும்; அதையும் இறக்குவதற்குச் சற்று முன் சேர்க்க வேண்டும்.

சமையலுக்கு நேரமே இல்லாதவருக்கு இந்தப் பொட்டலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்பின்படி செய்தால் அவருக்குக் கிடைப்பது மங்கிய சாதம்தான். புதிய காய்கள் கையில் இருந்து, அரிசியும் தைமும் அளந்து வைத்தபடி கிடைத்தால் போதும் என்பவருக்கு இது உதவும். காய்களை நீக்கிவிட்டு, பார்ஸ்லியையும் டில்லையும் தனிச் சிறு உறையில் வைத்து, 'இறக்கும்போது தூவவும்' என்று அச்சிட்டுத் தந்தால் நானே மீண்டும் வாங்குவேன்.