கெத்துபா: பழையதா, துணை ஒப்பந்தத்தோடா, புதியதா?

யூதக் கல்யாணத்தில் ஹுப்பா என்ற பந்தலின் கீழ், கல் பதிக்காத மோதிரத்தை மணமகளின் வலது சுட்டுவிரலில் மணமகன் போடுவான். பிறகு அரமேய மொழியில் எழுதிய கெத்துபாவை, அதாவது திருமணப் பத்திரத்தை, எல்லோரும் கேட்க வாசிப்பார்கள். மனைவிக்குச் சோறும் துணியும் தருவேன், பிரிந்தாலோ நான் இறந்தாலோ 200 சூஸ் (பழங்கால வெள்ளிக் காசு) சேரும் என்று கணவன் எழுதிக் கொடுக்கும் உறுதி அது. அந்தக் காலத்தில் பெண்ணுக்கு அது பெரிய காவல்.

ஆனால் கணவன் தன் விருப்பத்தோடு 'கெட்' என்ற விடுதலைச் சீட்டைக் கொடுக்காவிட்டால் மரபின்படி விவாகரத்து இல்லை. நீதிமன்றம் பிரித்து வைத்தாலும் அவள் 'அகுனா', மறுமணம் செய்ய முடியாமல் கட்டுண்டவள். கெத்துபாவை மாற்ற நினைக்கும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஓரத்துச் சித்திர வேலைப்பாட்டை அல்ல.

1950-களில், மரபையும் மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளும் கன்சர்வேடிவ் யூதப் பிரிவினர், தல்மூத் என்ற யூதச் சட்ட நூலில் அறிஞரான சால் லீபர்மன் எழுதிய பத்தியைக் கெத்துபாவில் சேர்த்தார்கள்: தகராறு வந்தால் இருவரும் ரபிமார் (யூத மதகுருக்கள்) மன்றத்துக்குப் போவோம் என்று. 1983-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் ஒரு வழக்கில் அப்படிப்பட்ட வாக்குறுதி செல்லும் என்றது. ஆனால் மன்றத்துக்கு வரவைப்பது வேறு, கெட் வாங்குவது வேறு.

பழைய சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் தரப்பின் வழி இன்னும் நுட்பமானது. கெத்துபாவில் ஓர் எழுத்தும் மாறாது. கல்யாணத்துக்கு முன்பே தனி ஒப்பந்தம். பிரிந்து வாழத் தொடங்கிய நாளிலிருந்து, மரபுப்படி மண உறவு நீடிக்கும்வரை கணவன் நாளொன்றுக்கு 150 டாலர் ஜீவனாம்சம் தர வேண்டும். அபராதம் என்று எழுதினால் கட்டாயத்தால் கொடுத்த கெட் ஆகிச் செல்லாமல் போகலாம். கெத்துபாவில் உள்ள சோறு–துணிக் கடமைக்கே தொகை குறித்ததால் அந்தச் சிக்கல் வராது.

யூதப் பெண்ணிய இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் வகுத்த 'பிரித் அஹூவிம்', அதாவது காதலர் உடன்படிக்கை, அடித்தளத்தையே மாற்றுகிறது. கணவன் மனைவியை உரிமையாக்கிக்கொள்ளும் சட்டத்துக்குப் பதில் வியாபாரக் கூட்டாளிகளின் சட்டம். இருவரும் ஆளுக்கொரு பொருளை ஒரே பையில் போட்டுச் சேர்ந்து தூக்குகிறார்கள். ஒருவர் விலகினாலே கூட்டு முறியும் என்பதால் கெட் தேவையில்லை. மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானது இதுதான். ஆனாலும் ஆர்த்தடாக்ஸ் ரபி இதை ஏற்பார் என்று நம்பி இறங்கக் கூடாது.

ஆகவே இரு வீட்டாரில் ஒருவர் ஆர்த்தடாக்ஸ் மரபில் இருந்தாலும் பழைய கெத்துபாவோடு தனி ஒப்பந்தம் போடுங்கள் என்பேன். கல்யாண நாள் பரபரப்பில் அல்ல, சில வாரங்கள் முன்பே, வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே மணமானவர்களுக்கும் இதே ஒப்பந்தத்தின் தனிப் படிவம் இருக்கிறது.